ஆவிக்குரியவர் யார்?

கிள்ளான் பக்கம் ஒரு கிறிஸ்தவ வீட்டில் கல்யாணப் பேச்சு. பெண் வீட்டாரோடு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, வீடு சொந்தமா வாடகையா என்பதெல்லாம் பேசி முடிந்தபின் பெண்ணின் பெரியம்மா கேட்டார்: “தம்பி ஆவிக்குரியவர்தானே?” மாப்பிள்ளையின் அத்தை தயங்கவே இல்லை. “ஆமாங்கக்கா. குடிக்க மாட்டாரு, சினிமா பார்க்க மாட்டாரு, கழுத்துல ஒரு சங்கிலிகூடப் போட மாட்டாரு.” பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. தேநீர் வந்தது. கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தி அடுத்ததைக் கேட்டார்: “நம்ம ஆளுங்கதானே?”

அந்தக் கல்யாணம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த இரண்டு கேள்விகள் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. முதல் கேள்விக்குக் கிடைத்த பதில் முழுவதும் ‘மாட்டாரு’, ‘மாட்டாரு’ என்றே இருந்தது. செய்யாதவற்றின் பட்டியல் ஒரு மனிதனுக்கு எப்படிப் பெயரானது? இரண்டாம் கேள்வியைக் கேட்டவருக்கு முதல் கேள்வியின் ஞாபகம் எப்படி அதற்குள் அற்றுப்போனது? விடை தேடி ‘ஆவிக்குரியவர்’ என்ற பெயரைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆவி முதலில் அடுப்படிச் சொல். இட்லிக் குண்டானைத் திறந்தால் முகத்தில் அடிப்பது ஆவி. மூக்கடைத்தால் போர்வைக்குள் குனிந்து பிடிப்பது ஆவி. தூக்கம் வந்தால் வாயைத் திறந்து விடுவது கொட்டாவி. ஆவித்தல் என்றாலே பழந்தமிழில் வாய் திறந்து மூச்சு விடுதல்தான். மூச்சு என்ற பொருளிலிருந்து உயிருக்கும், உயிர் போனபின் அலைவதாக நம்பப்படும் ஒன்றுக்கும் சொல் நீண்டது. ரயில்வே குடும்பங்கள் நிறைந்திருந்த கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நம் தாத்தாக்கள் ஓட்டியது நீராவி இஞ்சின், கரி அள்ளிப் போட்டதும் அதற்குத்தான். வேதத்தின் மூலமொழிகளிலும் இதே நிலைதான். எபிரேயத்தில் ரூவாக், கிரேக்கத்தில் நியூமா. இரண்டுக்கும் காற்று, மூச்சு, ஆவி என்ற மூன்று பொருளும் உண்டு. மலாய்க்காரர்களும் மலாய் பேசும் கிறிஸ்தவர்களும் சொல்லும் ரோ என்ற சொல் அரபு வழியாக வந்த அதே செமித்திய உறவுக்காரன். இத்தனை மொழிகளுக்கு நடுவே தமிழுக்குத் தன் வீட்டு அடுப்படியிலேயே சரியான சொல் கிடைத்தது பெரிய பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளத் தமிழ்க் கிறிஸ்தவம் அவசரப்படவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அதைத் தந்த அண்டிரிக் அடிகளார் காலத்துப் போர்த்துகீசியச் செல்வாக்கில் கத்தோலிக்கத் தமிழர் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று சொல்லப் பழகினார்கள். போர்த்துகீசியச் சொல்லுக்குத் தமிழ் உச்சரிப்பு, அவ்வளவுதான். தமிழில் சொன்னால் பேய் என்று பொருள்பட்டுவிடுமோ என்ற அச்சமும் அதில் இருந்திருக்கலாம். நூற்றாண்டுகள் அந்தச் சொல் நின்றது. 1928இல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா கோயிலில் செபமாலை உருட்டிய பாட்டிமார் தலைமுறைக்கு நெற்றியில் சிலுவை போடும்போது வாயில் வந்தது இஸ்பிரீத்து சாந்துதான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு முழுவதும் தாய்மொழிக்கு வந்ததும் அது பரிசுத்த ஆவி ஆயிற்று, பிறகு தூய ஆவி ஆயிற்று.

புராட்டஸ்டண்ட் பக்கத்தில் பரிசுத்த ஆவி முன்பே நிலைபெற்றுவிட்டது. 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த ஹென்றி பவரின் திருப்புதலைத்தான் இன்றும் நம்மில் பலர் கையில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் 1850இல் பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் முடித்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர், பின்னாளில் சைவத்தின் பெருங்குரலாக எழுந்த ஆறுமுக நாவலர். பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் சொன்னால் பலர் வியப்பார்கள். நம் வேதத் தமிழ் சைவப் புலமையின் அருகிலிருந்தே வளர்ந்தது.

இந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இலக்கணத்தில் ஒரு சிக்கல் காத்திருந்தது. ஆவி அஃறிணை. ஆவி வந்தது, ஆவி பறந்தது என்றுதான் தமிழ் சொல்லும். கடவுளை ‘அது’ என்று எப்படிச் சொல்வது? பவர் வழியினர் ‘ஆனவர்’ சேர்த்து ஆவியானவர் என்றார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘ஆர்’ விகுதி சேர்த்துத் தூய ஆவியார் என்றது. ஒரு விகுதி ஓர் இறையியலையே தாங்கி நிற்பதைத் தமிழில் இங்கே பார்க்கலாம். சக்தி என்று நினைத்தால் பயன்படுத்தத் தோன்றும். ஆள் என்று நினைத்தால் கீழ்ப்படியத் தோன்றும்.

அடுத்த பாதி, ‘உரியவர்’. நாம் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். ‘இந்த நிலத்துக்கு உரியவர் யார்’ என்று கேட்டால் நிலத்தின் சொந்தக்காரரைக் கேட்கிறோம். ஆவிக்குரியவர் என்பதையும் அதே தடத்தில், ஆவியைச் சொத்தாக வைத்திருப்பவர் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ‘அவருக்கு அபிஷேகம் இருக்கு’, ‘இவருக்கு வரம் இருக்கு’ என்ற நம் பேச்சும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் நியூமாட்டிகோஸ். ஆவியைச் சேர்ந்தவன், ஆவியின் வசப்பட்டவன் என்பது அதன் கருத்து. ‘அரசுக்கு உரிய நிலம்’ என்கிறோமே, அந்தப் பொருளில் வைத்துப் பாருங்கள். உரிமை ஆவியானவர் கையில் இருக்கிறது. உரியவர் என்ற பெயரைத் தாங்கும் மனிதன் அவருடைய சொத்து. உடைமைக்குப் பெருமை பேச இடமில்லை.

அதே கிரேக்கச் சொல்லைப் பவரின் திருப்புதல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெயர்க்கவில்லை. மனிதரைச் சொல்லும்போது ஆவிக்குரியவர்கள். சாப்பாட்டைச் சொல்லும்போது ஞானபோஜனம். பாட்டைச் சொல்லும்போது ஞானப்பாட்டு. இஸ்ரவேலர் தண்ணீர் குடித்த பாறை ஞானக்கன்மலை. ஞானஸ்நானம், கத்தோலிக்கரின் ஞானத்தகப்பன், ஞானத்தாய் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பழைய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஆவிக்குரியது எதுவோ அது ஞானத்தைச் சேர்ந்தது. ஞானப்பாட்டு பாடியவர்கள் தம்மை உணர்ச்சியின் மக்களாக மட்டும் எண்ணியிருக்க முடியாது. அறிவின் மக்களாகவும் எண்ணியிருப்பார்கள். ‘ஞான’ மெல்ல உதிர்ந்து ‘ஆவிக்குரிய’ மட்டும் நின்றதில் நாம் இழந்தது கொஞ்சமல்ல.

1920களில் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே சபை மலாயாவுக்கும் வந்தது. வெள்ளை உடை, நகையில்லாத கழுத்து, மருந்தை நாடாத விசுவாசம் என்ற அதன் ஒழுங்கு நம் தமிழ்ச் சபைகளின் கற்பனையில் ஆழமாகப் பதிந்தது. அதற்கு வெளியே இருந்தவர்களும் ஆவிக்குரியவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று ஓர் உருவத்தை வைத்துக்கொண்டார்கள். அந்த ஊழியர்களின் தியாகம் பெரிது. எளிமைக்காக நகையைக் கழற்றிய பெண்ணின் கழுத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒருவர் தம் அர்ப்பணத்தால் செய்தது அடுத்த தலைமுறையில் அடையாள அட்டை ஆனபோது பெயர் சுருங்கியது. ஆவிக்குரிய சபை, ஆவிக்குரியது அல்லாத சபை என்று சபைகளே இரண்டு சாதியாயின.

சுருக்கத்துக்கு இன்னொரு காரணம் எதிர்ச்சொல்லில் இருக்கிறது. ஆவிக்கு எதிராக வேதத் தமிழ் நிறுத்தியது மாம்சம். வடமொழிச் சொல், இறைச்சி என்று பொருள். பேச்சில் அது மாமிசமாகிக் கறிக்கடைக்குப் போய்விட்டது. மலாய் மொழியும் இதே இடத்தில் டாகிங் என்கிறது. சௌக்கிட் சந்தையில் மாட்டிறைச்சிக்குச் சொல்வதும் அதையேதான். ஆகவே மாம்சத்தின் இச்சை என்று பிரசங்கத்தில் கேட்டவுடன் சபையாரின் மனம் உடம்புக்குப் போகிறது. வயிறு, கண், தோல், உடுப்பு. மாம்சத்துக்குப் பவுல் சொன்ன கிரேக்கச் சொல்லான சார்க்ஸ் உடம்போடு நிற்பதல்ல. கடவுளை விட்டுத் தன்னையே நம்பி வாழும் மனிதனின் முழுப் போக்குக்கும் அவர் அந்தப் பெயரை வைத்தார். உடம்பை அவர் பழிக்கவே இல்லை. பரிசுத்த ஆவியின் ஆலயம் என்றார். நம் திருமூலரும் ஊனுடம்பைக் கோயிலாகப் பாடியவர்தான்.

திருவிவிலியம் இந்த இடத்தில் ‘ஊனியல்பு’ என்று ஒரு சொல்லைப் படைத்தது. மாம்சத்தைவிட எனக்கு இது பிடிக்கும். ஊனக்கண், ஞானக்கண் என்று பேசிப் பழகிய மொழிக்கு ஊன் அந்நியமில்லை. ‘இயல்பு’ சேர்ந்ததும், குற்றம் சதையில் இல்லை, சுபாவத்தில் இருக்கிறது என்பது விளங்கிவிடுகிறது. பவரும் கொரிந்தியர் நிருபத்தில் ஜென்மசுபாவம் என்று ஒரு சொல்லாட்சி வைத்தார். ‘ஜென்ம புத்தி போகாது’ என்று நம் வீடுகளில் சொல்வதற்கு நெருங்கிய சொல் அது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று கைவிட்டுவிடும் நம் பழமொழிக்கு முன்னால்தான் மறுஜென்மம் என்ற வாக்கை அவர் வைக்கிறார்.

மாம்சத்தின் கிரியைகள் என்று கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் தரும் பட்டியலைப் பவர் திருப்புதலில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 17 சொற்கள். முதல் நான்கு காமத்தைப் பற்றியவை. இரண்டு, தவறான வழிபாட்டைப் பற்றியவை. கடைசி இரண்டு குடியையும் கூத்தையும் பற்றியவை. நடுவே பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை என்று எட்டுச் சொற்கள், அவற்றின் முடிவில் கொலை. பட்டியலின் பாதி, மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே நடக்கும் காரியங்கள். சபைக் கூட்டத்தில் நாற்காலி உயர்ந்த சத்தத்தையும், பங்கு பிரித்த நாளிலிருந்து அண்ணனிடம் பேசாத மூப்பரையும் நாம் ‘மாம்சம்’ என்ற பெயரால் அழைப்பதே இல்லை. மூக்குத்தியை அழைக்கிறோம், அது பட்டியலில் இல்லை.

அந்த எட்டில் ஒரு சொல்லின் முன் நான் வெகுநேரம் நின்றேன்: வைராக்கியம். வடமொழியில் வைராக்யம் என்றால் ஆசை அற்ற நிலை, துறவியின் லட்சணம். தமிழில் அது விடாப்பிடியான உறுதியாகி, மனத்தில் வைத்துச் சாதிக்கும் பகையும் ஆகியது. பவரின் வேதத்தில் ஆண்டவரின் பக்திவைராக்கியம் புகழப்படுகிறது. இந்தப் பட்டியலில் அதே வைராக்கியம் மாம்சத்தின் கிரியையாக நிற்கிறது. மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். எந்த வைராக்கியம் ஆவியினுடையது, எது நம் சொந்தப் பிடிவாதம் என்பது சொல்லைப் பார்த்துத் தெரியாது. கனியைப் பார்த்தால்தான் தெரியும். கிராமத்தில் பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்பார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் முழங்காலில் எடுத்த தீர்மானம் தை பிறக்கும்முன் தேய்ந்துபோனதை அனுபவித்த எவருக்கும் அந்தச் சொற்களின் உண்மை தெரியும். எனக்குத் தெரியும்.

பட்டியலின் கடைசிச் சொற்கள் வெறி, களியாட்டு. களி என்ற மகிழ்ச்சிக்குள் கள் இருக்கிறது. வெறி இன்னும் பழைய சொல். சங்கப் பாடல்களில் பூசாரியான வேலன், முருகன் தன்மேல் ஏறி ஆடுவது வெறியாட்டு. யாழ்ப்பாணத்தார் பேச்சில் குடித்துத் தள்ளாடுவது வெறி. தெய்வம் ஏறுவதையும் போதை ஏறுவதையும் ஒரே சொல்லால் அறிந்த மொழி நம்முடையது. எருசலேமில் பெந்தெகொஸ்தே நாளன்று சீஷர்களைப் பார்த்தவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று பரிகசித்ததும், மதுபான வெறிக்கு மாற்றாக ஆவியின் நிறைவைப் பவுல் எபேசியருக்கு முன்வைத்ததும் தமிழ்க் காதுக்குச் சட்டென்று பிடிபடும். இரண்டிலும் மனிதன் தன் வசத்தில் இல்லை. யார் வசம் போகிறான் என்பதே கேள்வி.

கிள்ளானில் வெறி என்றால் வெறும் தனிமனிதப் பாவம் என்று பேசிவிட முடியாது. இந்த மண்ணில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பால்மரம் சீவிய கை வாங்கிய கூலி லயத்துக்கு வரும் வழியிலேயே கடையில் நின்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர். எச். நாதன் முன்னின்ற இயக்கத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்களின் கோரிக்கை. வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்பதும் கோரிக்கை. நாதன் கைதானார், பின்பு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். அது கிறிஸ்தவர்களின் போராட்டமல்ல, தோட்டத்தாரின் போராட்டம். ஆனால் குடியை விட்ட ஒவ்வொரு தகப்பனின் சாட்சியையும் சபையில் கேட்கும்போது, கடையை மூடச் சொல்லித் தெருவில் நின்றவர்களும் என் நினைவுக்கு வருகிறார்கள். குடிப்பவனை மட்டும் மாம்சத்துக்குரியவன் என்று சொல்லி, குடிக்க வைத்து லாபம் பார்க்கும் ஏற்பாட்டுக்கு எந்தப் பெயரும் வைக்காமல் விடுவது நியாயமில்லை.

இனி ‘உலகம்’. உலகப்பிரகாரமானவர், உலகத்தார் என்று சபையில் சொன்னால் அது வசைக்குச் சமம். வள்ளுவருக்கு உலகம் அப்படி இல்லை. ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், 140ஆம் குறளில், உலகத்தோடு பொருந்தி நடக்கத் தெரியாதவர் எத்தனை கற்றாலும் அறிவில்லாதவரே என்கிறார். உயர்ந்தோர் நடந்த வழியில் நடப்பதையே பரிமேலழகர் அங்கே பொருளாக எடுக்கிறார். பவுல் ரோமருக்கு எழுதும்போது இந்தக் காலத்தின் போக்கோடு பொருந்தாதிருங்கள் என்கிறார். ஒரே தமிழ்ப் பிள்ளை பள்ளியில் குறளையும் ஓய்வுநாள் பள்ளியில் ரோமரையும் மனப்பாடம் செய்கிறான். இரண்டும் மோதுவதாக நினைத்து ஒன்றை விடவேண்டியதில்லை. வள்ளுவரின் உலகம் சான்றோர். பவுலின் உலகம் தேவனை மறந்த யுகம். பவர் அந்த இடத்தில் ‘பிரபஞ்சம்’ என்றார், ‘வேஷம்’ என்றார். பிரபஞ்சம் இன்று நட்சத்திரங்களுக்குப் போய்விட்டது. வேஷமோ தையற்கடைக்குப் போய்விட்டது. கூத்துக்காரன் கட்டுவது போல வெளியே கட்டிக்கொள்ளும் கோலம் என்பதே மூலத்தின் கருத்து. வெள்ளைச் சட்டையும் வேஷமாகக் கூடும் என்பதை அந்தச் சொல்லே எச்சரிக்கிறது.

தேடியதில் எனக்குக் கிடைத்த பெரிய பொக்கிஷம் ஒரு வினைச்சொல்: அவித்தல். நெல்லை அவிப்பதும் அதுவே, விளக்கை அவிப்பதும் அதுவே. குறளின் ஆறாம் பாட்டில் கடவுளுக்கு ஐந்தவித்தான் என்று பெயர், ஐம்புலனின் ஆசையை அணைத்தவன். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முடிவில் பவுல் ஆவியானவரை அணைத்துவிட வேண்டாம் என்று சொல்லும் இடத்தில், பவரின் திருப்புதல் இதே அவித்தலை எடுத்தாள்கிறது. எதை அவிப்பது, எதை அவிக்காமல் காப்பது? கிறிஸ்தவ வாழ்வின் முழுப் போராட்டத்தையும் தமிழ் இந்த ஒரே வினைக்குள் வைத்திருக்கிறது. புலன்களை அவிக்கும் வேகத்தில் அன்பையும் சந்தோஷத்தையும் சேர்த்து அவித்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று எந்தச் சபையிலும் இல்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தன் மாம்சத்தின் பெருமைகளை வரிசையாக எடுத்து வைக்கிறார். குடியைச் சொல்லவில்லை, காமத்தைச் சொல்லவில்லை. தான் பிறந்த இனம், தன் கோத்திரமான பென்யமீன், தன் மதப்பிரிவு, தன் பக்தி. பிறப்பால் வந்த உயர்வில் வைக்கும் நம்பிக்கைக்கு அவர் சூட்டிய பெயர் மாம்சம். “நம்ம ஆளுங்கதானே?” என்ற கேள்விக்கு வேதம் வைத்திருக்கும் பெயர் அதுவே. எங்கள் தாத்தாக்கள் கப்பலேறிக் கடலைத் தாண்டினார்கள். சாதி அவர்கள் மூட்டையிலேயே வந்தது. தோட்ட லயத்தில் இருந்தது, பட்டணத்துக்குக் குடிவந்தது, நற்கருணைப் பந்திவரைக்கும் வந்து கல்யாணப் பேச்சில் குரல் தாழ்த்திப் பேசுகிறது. சினிமாவை விட்டுவிட்டு இதை வைத்துக்கொண்டவரை ஆவிக்குரியவர் என்று அழைக்கப் பவுலின் அகராதியில் இடமில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது செங்கல் சூளைகளால். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் தின்றபின் செங்கல்லால் ஊரைக் கட்ட எழுந்த சூளைகள். இன்று அங்கே ஒரு செங்கல்லும் வேகவில்லை. பெயர் மட்டும் நிற்கிறது. ஊர்ப் பெயருக்கு அது குறையல்ல. மனிதரின் பெயருக்கு அது பெரிய குறை.

ஆவியின் கனியைப் பட்டியலிட்ட உடனே, கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் பவுல் அந்தப் பெயரைச் சொல்லி நேராகக் கூப்பிடுகிறார்: ஆவிக்குரியவர்களே. கூப்பிட்டு அவர்களிடம் கேட்பது ஒன்றே. விழுந்தவன் ஒருவனைச் சாந்தமாகத் தூக்கி நிறுத்துங்கள், நீங்களும் விழக்கூடும் என்பதை மறவாதீர்கள். பெரியம்மாமாரே, அத்தைமாரே, அடுத்த கல்யாணப் பேச்சில் அந்தக் கேள்வியை அவசியம் கேளுங்கள். பதிலாக ‘மாட்டாரு’ வந்தால் அதோடு விட்டுவிடாமல், வழிதவறிய தம்பியோடு பிள்ளை பேசுகிறாரா, யாரைத் தூக்கிவிட்டிருக்கிறார் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்காதீர்கள்.